குணா யாலா போகிறவர்களுக்கு: மாலை ஐந்து மணிக்குப் பவளப் பாருக்குள் நுழையாதீர்கள்

2025 பிப்ரவரியில் பனாமாவின் கரீபியன் கரையோரம் நான்கு இரவு பாய்மரப் படகில் தீவு தீவாகச் சுற்றலாம் என்று தனியாகக் கிளம்பிப் போனேன். முதல் நாள் மாலையே படகு பவளப் பாரில், அதாவது தண்ணீருக்கடியில் பவளம் வளர்ந்து பாறையாக நிற்கும் இடத்தில், ஏறி நின்றுவிட்டது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பணம் போயிற்று, போன் போயிற்று, ஒரு ராத்திரி முழுக்க லைஃப் ஜாக்கெட்டைக் கட்டிக்கொண்டு சாய்ந்த படகில் தூங்காமல் உட்கார்ந்திருந்தேன். கிளம்புவதற்கு முன் நான் தேடிப் படித்ததெல்லாம் வெள்ளை மணல், தென்னை மரம், இளநீர் நிறத் தண்ணீர் என்றுதான் இருந்தது. எத்தனை மணிக்கு எங்கே இருக்க வேண்டும் என்று ஒருவர் சொல்லியிருந்தால்கூட எனக்குப் போதுமாயிருந்திருக்கும். அதனால் நடந்ததை வரிசையாகவே சொல்கிறேன்.

முதலில் இடத்தைப் பற்றி. பழைய பெயர் சான் பிளாஸ். இப்போது குணா யாலா. குணா மக்களின் தன்னாட்சிப் பகுதி. வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை தீவு, 365, என்று எல்லாரும் சொல்வார்கள். ஆள் குடியிருப்பது ஐம்பதுக்குள்தான். 1925 பிப்ரவரியில் பனாமா அரசை எதிர்த்து ஆயுதம் எடுத்து நின்று, பேச்சுவார்த்தைக்குப் பிறகு தங்கள் வழக்கத்தையும் நிலத்தையும் காப்பாற்றிக்கொண்டவர்கள். நான் போனது அந்தப் புரட்சியின் நூற்றாண்டு மாதம். அன்றைக்கு அவர்கள் ஏற்றிய கொடியில் நம் ஸ்வஸ்திகா போல ஒரு சின்னம் இருக்கும், பார்த்துவிட்டுத் தப்பாக நினைக்க வேண்டாம், அதற்கும் ஜெர்மனிக்கும் சம்பந்தமில்லை. வெளியாட்கள் அங்கே நிலம் வாங்க முடியாது. ஸ்கூபா டைவிங் தடை, முகமூடி போட்டு மேலாக நீந்தலாம். ஆளில்லாத தீவில் கிடக்கும் தேங்காய்கூட ஏதோ ஒரு குடும்பத்துக்குச் சொந்தம், எடுக்கக் கூடாது. இந்தக் கட்டுப்பாடுகள்தான் அந்தத் தீவுகளை இன்னும் அப்படியே வைத்திருக்கின்றன. இது என் மனசார்ந்த கருத்து.

நான் பேசி வைத்த படகு பன்னிரண்டு மீட்டர் நீளம், ஒரு வெளிநாட்டு கேப்டன், அவர் ஒருவரே எல்லாம். ஆளுக்கு ஓர் இரவுக்கு 220 டாலர், சாப்பாடு சேர்த்து. நான்கு இரவுக்கு 880, முழுவதும் ரொக்கமாக, ஏறும்போதே கொடுக்க வேண்டும் என்றார். பனாமாவில் புழங்குவது அமெரிக்க டாலர்தான், நாங்கள் சுற்றப்போகும் தீவுகளில் ஏடிஎம் கிடையாது, அதனால் ரொக்கம் கேட்டது எனக்குத் தப்பாகவே படவில்லை. இன்னும் இரண்டு பேர் வருவதாக இருந்தது. முந்தின நாள் இரவு அவர்கள் வரவில்லை என்று செய்தி வந்தது. அப்போதே நான் நின்று யோசித்திருக்க வேண்டும். தெரியாத ஒருவரோடு தனியாக ஒரு பெண் போகிற விஷயம் மட்டுமல்ல அது (அந்த விஷயத்தில் அந்த மனிதர் கண்ணியமாகவே நடந்துகொண்டார், அதைச் சொல்லியாக வேண்டும்). ஒரு படகில் ஒரே ஒருவருக்குத்தான் படகு ஓட்டத் தெரியும் என்றால், சுக்கானைப் பிடிப்பவரும் அவரே, முன்னால் போய்த் தண்ணீரைப் பார்க்க வேண்டியவரும் அவரே. இரண்டும் ஒரே நேரத்தில் முடியாது. இது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

விடிகாலை ஐந்து மணிக்கு பனாமா சிட்டியில் ஜீப் வந்து ஏற்றிக்கொண்டது. எல் யானோவில் பிரிந்து மலையேறி கார்தி துறைக்கு இறங்கும் பாதை ரோலர் கோஸ்டர் மாதிரி ஏறி இறங்கும், நான்கு சக்கர இழுவை வண்டி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். எல்லையில் பாஸ்போர்ட் பார்த்துக் கட்டணம் வாங்குகிறார்கள்; அசல் பாஸ்போர்ட் வேண்டும், நகல் செல்லாது. அந்தப் பாதையிலேயே எனக்கு வயிறு புரட்ட ஆரம்பித்துவிட்டது. கடல் வாந்திக்கு மாத்திரையை முந்தின இரவே ஒன்று, காலையில் ஒன்று என்று போட்டிருக்க வேண்டும். நான் கைப்பையில் அவோமினை வைத்துக்கொண்டு, வாந்தி வந்தால் போட்டுக்கொள்ளலாம் என்று இருந்தேன். வந்த பிறகு போட்டால் அது வயிற்றில் நிற்காது, வெளியே வந்துவிடும். காதுக்குப் பின்னால் ஒட்டும் பட்டையும் அப்படித்தான், குறைந்தது நான்கு மணி நேரம் முன்னாடியே ஒட்ட வேண்டும். எது நமக்கு ஒத்துவரும் என்று ஊரிலேயே டாக்டரிடம் கேட்டு, ஒரு சாதாரண நாளில் போட்டுப் பார்த்துவிட்டுப் போவது நல்லது. சிலருக்கு அடித்துப்போட்ட மாதிரி தூக்கம் வரும்.

துறையிலிருந்து விசைப்படகில் லிமோனெஸ் தீவுக்கூட்டத்துக்குப் போய், பாய்மரப் படகில் ஏறும்போது மணி ஒன்பதரை. உடனே கிளம்பியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. தண்ணீர் கேன் வரவில்லை, காய்கறிக்காரர் வரவில்லை, பாட்டரியில் ஏதோ வயர் என்று நேரம் போய்க்கொண்டே இருந்தது. நானும் குதித்து நீந்தினேன், படம் எடுத்தேன், ரொம்ப சந்தோஷமாகத்தான் இருந்தேன். நங்கூரம் தூக்கும்போது பன்னிரண்டே கால். இன்றைக்கே ஒலாண்டேசஸ் தீவுகளுக்குப் போய்விடலாம், அங்கேதான் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும் என்றார். கரையிலிருந்து தள்ளி வெளிக்கடலை ஒட்டி இருக்கும் கூட்டம் அது. நேர்கோட்டில் பதினோரு, பன்னிரண்டு கடல் மைல்தான். கடல் மைல் என்பது 1.85 கிலோமீட்டர், ஆக இருபது, இருபத்திரண்டு கிலோமீட்டர். நான் மனதுக்குள் இரண்டு மணி நேரம் என்று கணக்குப் போட்டேன்.

அந்தக் கணக்கு தப்பு. டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை அங்கே வடகிழக்கிலிருந்து காற்று விடாமல் அடிக்கும். மழையில்லாத மாதங்கள் என்று எல்லாரும் அப்போதுதான் போகிறோம், ஆனால் காற்றும் அலையும் பலமாக இருப்பதும் அப்போதுதான். நாங்கள் போக வேண்டியது கிழக்கே, ஏறக்குறையக் காற்றின் முகத்துக்கே. பாய்மரப் படகு காற்றை நேரே எதிர்த்துப் போகாது. ஒரு பக்கம் சாய்ந்து ஓடி, பாயை மாற்றி மறுபக்கம் ஓடி, இப்படி ஏணிப்படி போலத்தான் முன்னேறும். பன்னிரண்டு மைல் பதினாறு, பதினேழு மைலாக ஆகிவிடும். வேகம் நான்கு நாட், அதாவது ஒருவர் மெதுவாக ஓடுகிற வேகம். நீங்கள் எந்தப் படகில் போனாலும், வரைபடத்தில் தெரிகிற தூரத்தைக் கேட்காதீர்கள், காற்று எந்தப் பக்கம் என்று கேளுங்கள். எதிரே என்றால் நேரத்தை ஒன்றரை மடங்காக எண்ணிக்கொள்ளுங்கள்.

தீவுகளின் மறைப்பை விட்டு வெளியே வந்ததும் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து குத்திக் குத்தி ஏற ஆரம்பித்தது. தொப்பி எடுக்க ஒரு நிமிஷம் கீழே இறங்கினேன். அடுப்படியில் வெங்காயமும் டீசலும் கலந்த வாடை. அவ்வளவுதான். அடுத்த மூன்று மணி நேரம் ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாந்தி. வெளியே எடுக்க ஒன்றும் இல்லாமல் மஞ்சள் பித்தம் வரும்வரை. கேப்டன் ஒரு விஷயம் சரியாகச் சொன்னார்: படகைப் பார்க்காதே, தொடுவானத்தைப் பார், கீழே போகாதே. அதைச் செய்தபோது கொஞ்சம் தெளிந்தது. மேலே இருந்தபடியே தொப்பி, தண்ணீர் பாட்டில், உப்பு பிஸ்கட், சன்ஸ்கிரீன் எல்லாம் கைக்கெட்டும் பையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். கீழே இறங்கும் தேவையே வரக்கூடாது. என் முட்டிக்குக் கீழே வெயிலில் வெந்தது நான் உணரவே இல்லை, காற்று அடித்துக்கொண்டே இருப்பதால் சூடு தெரியாது.

ஒலாண்டேசஸ் தென்னைகள் தெரிந்தபோது மணி ஐந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. அங்கே சூரியன் மறைவது ஆறரை வாக்கில். எனக்கு ஒரே நினைப்புதான், சீக்கிரம் நின்றால் போதும். கேப்டன் எஞ்சினைப் போட்டு, பாயை இறக்கி, பாருக்கு நடுவே இருக்கும் வழியில் உள்ளே விட்டார். திரையில் மின்வரைபடம் இருந்தது. ஆனால் அந்தக் கடலில் வரைபடத்தை மட்டும் நம்பி ஓட்டக் கூடாது, கண்ணால் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும் என்று பின்னால் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். ஆழம் என்றால் கரு நீலம், மணல் தரை என்றால் பச்சை கலந்த நீலம், வெளிறிய பச்சை என்றால் இடுப்பளவு, பழுப்பு என்றால் பவளம், கிட்டே போகாதே. இந்த நிறமெல்லாம் தெரிய வேண்டுமென்றால் சூரியன் உயரே, நமக்குப் பின்னால் இருக்க வேண்டும். காலை பத்திலிருந்து பிற்பகல் மூன்று வரைதான் அதற்கான நேரம். மாலையில் வெளிச்சம் சரிவாக வந்து தண்ணீரின் மேலேயே வழுக்கிப் போய்விடும், கீழே இருப்பது எதுவும் தெரியாது. எங்களுக்குக் கடைசித் திருப்பம் மேற்கு பார்த்து. திரும்பியதும் கடல் முழுக்கத் தகரத்தில் வெயில் பட்ட மாதிரி ஒரே பளபளப்பு. கேப்டன் கையை நெற்றியில் வைத்துக்கொண்டுதான் ஓட்டினார்.

ஆழமானி எனக்கு எதிரே இருந்தது. 14 காட்டியது, அப்புறம் 9. பிறகு 6.2. கொஞ்ச நேரம் 6-லேயே நின்றது. திடீரென்று 3.4. படகு தண்ணீருக்குள் ஒன்றே முக்கால் மீட்டர் இறங்கியிருக்கும் என்று காலையில் சொல்லியிருந்தார். எனக்கு வயிற்றில் என்னமோ செய்தது. சொல்லலாமா என்று நினைத்தேன். அவர் இருபது வருஷமாகக் கடலில் இருப்பவர், நான் காசு கொடுத்து வந்த பயணி, வாந்தி எடுத்துக் களைத்துக் கிடப்பவள், நான் என்ன சொல்வது என்று வாயை மூடிக்கொண்டேன். அந்த மூன்று, நான்கு வினாடியை நான் இன்னும் மறக்கவில்லை. எண் குறைகிறது என்று ஒரு வார்த்தை சத்தமாகச் சொல்லியிருந்தால் போதும். அவர் திரையைப் பார்க்கவே இல்லை, பளபளப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சத்தம் எப்படி இருந்தது என்றால், சிமெண்ட் தரையில் இரும்பு பீரோவை இழுக்கிற மாதிரி. இரண்டு முறை இடித்து, மூன்றாவது முறை ஏறி நின்றது. நான் முன்னால் போய்ப் பலகையில் மோதிக்கொண்டேன். படகு மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்தது. மெத்தை மேல் கிடந்த என் போன் சரிந்து, உப்புத் தண்ணீர் தேங்கும் மூலையில் விழுந்ததை நான் பார்க்கக்கூட இல்லை. தயவுசெய்து ஏறிய நிமிஷத்திலிருந்து போனையும் பாஸ்போர்ட்டையும் நீர் புகாத பையில் போட்டு உடம்போடு கட்டிக்கொள்ளுங்கள்.

நான் கேட்ட முதல் கேள்வி, ஏற்றம் வந்தால் படகு தானாகக் கிளம்பிவிடும் அல்லவா என்பது. தூத்துக்குடிக்காரிக்கு அந்த அளவு தெரியும். கேப்டன் இல்லை என்று தலையாட்டினார். பனாமாவின் பசிபிக் பக்கம் கடல் ஐந்து மீட்டருக்கும் மேலே ஏறி இறங்கும். அதே நாட்டின் கரீபியன் பக்கம் ஒன்று, ஒன்றரை அடிதான். மாட்டினால் மாட்டியதுதான், கடல் வந்து தூக்கிவிடும் என்று காத்திருக்க முடியாது. சின்ன ரப்பர் படகில் இன்னொரு நங்கூரத்தை ஏற்றி, ஆழத்தில் கொண்டுபோய்ப் போட்டு, கயிற்றைச் சுழற்றி இழுத்துப் பார்ப்பதுதான் வழி. ரப்பர் படகின் எஞ்சின் உயிர் பெறவில்லை. துடுப்புப் போட்டுப் போனார், காற்று திரும்பத் தள்ளியது. இருட்டிவிட்டது. ரேடியோவில் 16-ஆம் சேனலில் கூப்பிட்டபோது உள்ளே நங்கூரமிட்டிருந்த ஒரு படகு பதில் சொன்னது, விடிந்ததும் வருகிறோம், இரவில் நாங்களும் அந்தப் பாருக்குள் வர முடியாது என்று. அவர்கள் சொன்னது நியாயம்.

அந்த இரவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெளிப்பார் பெரிய அலையை உடைத்துவிட்டதால் படகு உடையவில்லை. ஆனால் சின்ன அலை ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு இடி விழுந்தது. கேப்டன் அடிக்கொருதரம் தரைப்பலகையைத் தூக்கி டார்ச் அடித்துத் தண்ணீர் வருகிறதா என்று பார்த்தார். நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். நானூறு வரை எண்ணியது ஞாபகம் இருக்கிறது. கீழே நொறுங்கியது என்ன என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊர்த் தீவுகளில் ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி வள்ளம் வள்ளமாக ஏற்றியிருக்கிறார்கள், விளாங்குச்சல்லி என்று ஒரு தீவே தண்ணீருக்குள் போய்விட்டது. அதையெல்லாம் கேட்டு வளர்ந்தவள் நான். மெல்ல மெல்ல வளர்ந்து உருவான ஒன்றின் மேல் உட்கார்ந்து அதை அரைத்துக்கொண்டிருந்தோம். பணம் போனதைவிட அது கஷ்டமாக இருந்தது.

விடிந்தபோது முதலில் வந்தது ரேடியோவில் பதில் சொன்னவர்கள் இல்லை, ஒரு உலு. ஒரே மரத்தைக் குடைந்த தோணிக்கு அங்கே உலு என்று பெயர். அறுபது வயதிருக்கும் ஒரு குணா பெரியவர், பல துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்த பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, ஒற்றைத் துடுப்பால் தள்ளிக்கொண்டு வந்தார். படகைச் சுற்றி ஒரு தடவை வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாவது நங்கூரத்தைத் தன் உலுவில் இறக்கச் சொல்லிச் சைகை காட்டினார். அதன் எடையில் உலுவின் விளிம்பு தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. வளைந்து நெளிந்து போய், எங்களுக்குத் தெரியாத ஒரு நீலப் பள்ளத்தில் அதைப் போட்டார். பிறகு மற்றவர்களும் வந்தார்கள். படகின் தண்ணீர்த் தொட்டியைத் திறந்து விட்டு எடையைக் குறைத்தார்கள். பாய்மர உச்சியிலிருந்து வரும் கயிற்றை விசைப்படகில் கட்டிப் பக்கவாட்டில் இழுத்தபோது படகு இன்னும் சாய்ந்தது. சாய்ந்தால் அடிக்கட்டை மேலே எழும்பும், அதுதான் சூட்சுமம். அதே நேரம் நங்கூரக் கயிற்றைச் சுற்றி இழுக்க, பதினோரு மணிக்குப் படகு ஒரு குலுக்கலோடு விடுபட்டது. சுக்கான் வளைந்திருந்தது. பெரியவர் நாற்பது டாலர் கேட்டார். கேப்டன் கொடுத்தார்.

கிளம்பும் முன் அந்தப் பெரியவர் என்னிடம் ஏதோ சொன்னார். எனக்கு ஸ்பானிஷ் அரைகுறை, அவருக்கும் அப்படித்தான். புரியவில்லை என்று தெரிந்ததும், தன் உச்சந்தலையில் விரலை வைத்தார், பிறகு தண்ணீரைக் காட்டினார். அப்புறம் மேற்கே கையை நீட்டி, உள்ளங்கையால் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டார். நான் ஓரத்தில் நின்று கீழே பார்த்தேன். சூரியன் தலைக்கு மேலே. மான்கொம்பு போன்ற பவளம், அதன் நடுவே எங்கள் படகின் அடிக்கட்டை உழுத வெள்ளைக் கோடு, எல்லாம் கையெட்டும் தூரத்தில் இருப்பதுபோலத் தெளிவாகத் தெரிந்தது. முந்தின மாலை இதே இடத்தில் எனக்குத் தெரிந்தது பளபளப்பு மட்டும்தான்.

பயணம் அத்தோடு முடிந்தது. பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், மறைக்க ஒன்றுமில்லை. மீதி மூன்று இரவுக்கு 660 டாலர் திரும்பி வர வேண்டும். சுக்கான் செலவு இருக்கிறது என்று 200 தான் கொடுத்தார், ரசீதும் இல்லை, எழுத்தும் இல்லை, நான் என்ன காட்டிக் கேட்பது. ஆக 460 போயிற்று. கார்திக்குத் திரும்ப விசைப்படகு தனியாக 120. பனாமா சிட்டியில் விமான நாள் வரை மூன்று இரவு ஹோட்டல் 210. போன் 500. மொத்தம் 1,290 டாலர், நம் காசில் ஒரு லட்சத்துக்கு மேலே. பயணக் காப்பீட்டில் போனுக்கு மட்டும் கேட்டுப் பார்த்தேன், கையில் வைத்திருக்கவில்லை என்று மறுத்துவிட்டார்கள். பாதி பணம் ஏறும்போது, பாதி இறங்கும்போது என்று பேசுங்கள். ஒத்துக்கொள்ளாதவரிடம் போகாதீர்கள். படகுக் கோளாறால் பயணம் நின்றால் எவ்வளவு திரும்பும் என்று இரண்டு வரி வாட்ஸாப்பிலாவது எழுதி வாங்குங்கள், அந்த இரண்டு வரி என்னிடம் இருந்திருந்தால் பேச்சே வேறு. படகின் பெயரையும் போகும் தீவுகளையும் ஊரில் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். ஏறியதும் ரேடியோ எங்கே, எப்படிப் பேசுவது என்று காட்டச் சொல்லுங்கள். ரப்பர் படகின் எஞ்சினை உங்கள் கண் முன்னால் ஒரு தடவை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், இதைக் கேட்க வெட்கப்படவே வேண்டாம். ஆழமானியில் தெரிவது தண்ணீர் மட்டத்திலிருந்தா, அடிக்கட்டைக்குக் கீழிருந்தா என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், படகுக்குப் படகு அது மாறும்.

திரும்பும் வழியில் விசைப்படகு கார்தி சுக்துப் தீவை ஒட்டிப் போனது. கடல் ஏறுவதால் 2024 ஜூனில் முந்நூறு குடும்பங்கள் வரை அங்கிருந்து பெருநிலத்துக்குக் குடிபெயர்ந்த தீவு. பூட்டிய வீடுகளுக்கு நடுவே சில வீடுகளில் துணி காய்ந்துகொண்டிருந்தது. படகோட்டி ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

புதுப் போன் வாங்கிய அன்று இரவு அப்பாவுக்குப் பேசினேன். தோணியில் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போய் வந்தவர். முழுக்கக் கேட்டுவிட்டு, "ஏம்மா, பாரு இருக்கிற எடத்துக்குப் பொழுது சாயிற நேரத்துலயா போவாங்க? வெளியவே கெடந்துட்டு விடிஞ்சு உச்சிக்கு வரட்டும்னு இருக்கணும்ல?" என்றார். திட்டவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டார்.

அடுத்த ஜனவரிக்கு மறுபடி கேட்டிருக்கிறேன், இந்தத் தடவை கணவன் மனைவி இருவருமாக ஓட்டும் ஒரு படகில். பேசியபோது முதல் கேள்வியாக, பன்னிரண்டு மணிக்கு மேல் கிளம்ப நேர்ந்தால் ஒலாண்டேசஸ் போவீர்களா என்று கேட்டேன். அந்தம்மா யோசிக்கவே இல்லை. "மாட்டோம், லிமோனெஸிலேயே தங்கிவிட்டு மறுநாள் காலை எட்டு மணிக்குக் கிளம்புவோம், உங்களுக்கு ஒரு நாள் குறைந்தாலும் சரி" என்றார். அன்றைக்கே முன்பணம் அனுப்பிவிட்டேன், பாதி மட்டும்.